உரிக்க உரிக்க ஜீப்

7 ஜூன் 2025, சனி

மாமாவின் ஜீப் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. 1986 மாடல் மஹிந்திரா. போடியிலிருந்து தன் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் ஏறி இறங்கிய வண்டி. என்ஜின் இன்னும் திடமாக இருக்கிறது. எனக்குப் பிடிக்காதது உள்பக்கம்தான். தரை, பக்கவாட்டு, வீல் மேடு, டேஷ்போர்டு என்று ஒரு இடம் விடாமல் சில்வர் பெயிண்ட். இரும்பு கேட்டுக்கு அடிப்பார்களே, அதேதான். பிரஷ்ஷில் அடித்திருக்கிறார்கள். போல்ட் தலை, கிளட்ச் பெடல், ஸ்விட்ச் குமிழ் எதையும் விடவில்லை. டேஷ்போர்டில் இருக்கும் கம்பெனித் தகட்டின் எழுத்துகூட மூழ்கிவிட்டது.

இதையெல்லாம் உரித்து எடுக்க, இன்று சீட், மேட், தார்ப்பாய், கம்பி எல்லாவற்றையும் கழற்றினேன். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில்தான் டாங்க். டீசல்தானே என்று அப்படியே விட மனம் வரவில்லை. சூடு, தீப்பொறி எல்லாம் வரப்போகிற வேலை. அதையும் இறக்கிவிட்டேன்.

சாயங்காலம் சும்மா இருக்காமல், வீல் மேட்டில் ஒரு ரூபாய் அளவுக்கு வாட்டர் பேப்பரை நனைத்துத் தகடு தெரியும்வரை தேய்த்தேன். மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி வந்தது. சில்வர், கிரீம், நீலம், மெரூன், மெரூனுக்கு அடிப்பூச்சாக ஒரு ஆரஞ்சு, கடைசியில் கம்பெனிப் பச்சை.

சொந்த வண்டிக்கு 15 வருஷத்தில் பதிவு முடியும். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2001, 2006, 2011, 2016, 2021. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டப் போவதற்கு முன்னால் ஒரு கோட் அடித்துவிடுவது எல்லோரும் செய்வதுதான். அப்படியானால் கம்பெனிப் பெயிண்டுக்கு மேல் ஐந்து நிறம் இருக்க வேண்டும், நான்குதான் இருக்கிறது. மாமாவுக்குப் போன் போட்டேன். "2011-ல வெளியில மட்டும்தான் அடிச்சேன் மாப்ள. அந்த வருஷம் கையில காசு இல்ல" என்றார்.

8 ஜூன், ஞாயிறு

கிரைண்டரில் கம்பி கப் பிரஷ் மாட்டி ஆரம்பித்தேன். தப்பு. இந்த எனாமல் சூடானதும் இளகி, பிரஷ்ஷிலேயே ஈஷிக்கொள்கிறது. பெயிண்ட் வராமல் பாலிஷ் ஏறுகிறது. போதாக்குறைக்கு பிரஷ்ஷிலிருந்து ஒரு கம்பி பறந்து வந்து சட்டையைத் தாண்டி வயிற்றில் குத்தி நின்றது, கருவேல முள் மாதிரி. கண்ணாடி போட்டிருந்தேன், சரி.

பிறகு ஸ்ட்ரிப் டிஸ்க் வாங்கி வந்தேன். கறுப்பாக, ஸ்பாஞ்சை இறுக்கி வைத்த மாதிரி இருக்கும். சமமான இடத்தில் நன்றாக வேலை செய்கிறது, தகட்டைத் தின்பதில்லை. ஃப்ளாப் டிஸ்க் போட்டால் பெயிண்டோடு தகடும் போய்விடும்.

அரை மணி நேரத்தில் ஆரஞ்சு தெரிந்ததும் கிரைண்டரை நிறுத்திவிட்டேன். வழக்கமான ரெட் ஆக்சைடு பிரைமர் என்றால் செங்கல் நிறமாக இருக்க வேண்டும். இது செந்தூர ஆரஞ்சு. ஈயச் செந்தூரத்தில் செய்த பிரைமராக இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டுக்கு மட்டும். 2001-ல் வண்டிக்கு அடித்ததில் என்ன இருந்தது என்று யாரைப் போய்க் கேட்பது? இருக்கிறது என்றே வைத்துக்கொண்டேன். முற்றத்தில் அக்கா பையன் விளையாடுகிறான், கோழிகள் கீழே கிடப்பதையெல்லாம் கொத்துகின்றன. ஈரத்துணியால் தூசியைத் துடைத்து எடுத்து, ஜீப்பைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குத் தள்ளினோம். இனி காய்ந்த தூசி பறக்கிற வேலை கிடையாது.

14 ஜூன், சனி

பெயிண்ட் ரிமூவர். காலை ஆறு மணிக்கே தொடங்கினேன், வெயில் ஏறினால் வேலை செய்வதற்குள் ஆவியாகிவிடும். இதைப் பெயிண்ட் மாதிரி இழுத்து இழுத்து அடிக்கக் கூடாது. கனமாக ஒரே பக்கமாக வைத்துவிட்டு மேலே பாலித்தீனால் மூடிவிட வேண்டும். ஏலக்காய் மூட்டைக்குள் போடுகிற பை நிறையக் கிடந்தது, அதைக் கிழித்து விரித்தேன். பத்து நிமிஷத்தில் பாலாடை சுருங்குவது மாதிரி சில்வர் சுருங்கி எழுந்தது. கால் மணி நேரத்தில் கிரீமும் நீலமும் சேர்ந்தே வந்தன.

சுரண்ட பட்டி பிளேடு சரிப்படவில்லை, வளைகிறது. அம்மாவின் பழைய தோசைத் திருப்பியை எடுத்து முனையைத் தீட்டிக்கொண்டேன். வாகான கைப்பிடி, விறைப்பான தகடு, மூலை வரை போகிறது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் தோசைக்குப் பதில் உப்புமா.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. தரையில் வேலை செய்வதற்காக ஜீப்புக்குள்ளேயே மண்டியிட்டு, தலையைக் குனிந்தபடி சுரண்டிக்கொண்டிருந்தேன். ஏழரை மணி இருக்கும், தலை லேசாகச் சுற்றியது. எழுந்து வெளியே வந்து கிணற்றடியில் உட்கார்ந்த பிறகுதான் டப்பாவில் எழுதியிருப்பதை முழுதாகப் படித்தேன். மெத்திலீன் குளோரைடு. அதன் ஆவி காற்றைவிடக் கனம். நாலு பக்கமும் தகடு அடைத்த ஜீப்புக்குள் தொட்டித் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். நான் அதற்குள் முகத்தை வைத்து மூச்சு விட்டிருக்கிறேன். போதாததற்கு உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. பெயிண்ட் உரிக்க இதை வீட்டுக்காரர்களுக்கு விற்பதையே அமெரிக்காவில் 2019-ல் தடை செய்துவிட்டார்கள். இங்கே கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள். துணி முகமூடி இதற்கு ஒன்றுக்கும் ஆகாது.

மீதியை ஜீப்பை வெளியே தள்ளி, தரையின் வடிகால் ஓட்டைகளைத் திறந்து, டேபிள் ஃபேனைப் பின்கதவுப் பக்கம் வைத்து, வெளியே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டிச் செய்தேன். நேரம் இரண்டு மடங்கு.

15 ஜூன், ஞாயிறு

இடது பக்கத் தரை. மெரூன் எழுந்து வந்ததும் அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி. தோசைத் திருப்பியால் தட்டினால் மொத் மொத்தென்று சத்தம். காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. பட்டியைப் பெயர்த்தால் ரிவிட் அடித்த ஒரு தகரம். எண்ணெய் டின்னை வெட்டித் தட்டையாக்கியது. மடிப்பு ஓரத்தில் இரண்டு மஞ்சள் எழுத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்தால் ஓர் உள்ளங்கை அளவு ஓட்டை, அதன் வழியாகக் கொட்டகைத் தரை தெரிகிறது.

இத்தனை வருஷம் தோட்டத்து ஆட்கள் ஈரக் காலோடு ஏறி மிதித்தது இந்தத் தகரத்தையும் நாலு கோட் பெயிண்டையும்தான். முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், அடித்தவர் நல்ல வேலைக்காரர். 24 வருஷம் தாங்கியிருக்கிறதே.

21 ஜூன், சனி

கல்யாண வீடு. வேலை இல்லை. நகத்தில் இருந்த மெரூனைப் பார்த்து மருதாணியா என்று கேட்டார்கள்.

22 ஜூன், ஞாயிறு

டேஷ்போர்டு. பின்னால் வயர் இருப்பதால் ரிமூவரைத் தவிர்த்து ஹீட் கன் எடுத்தேன். குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டினால் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்புகிறது. உப்பியதுமே சுரண்டிவிட வேண்டும். பொறுமை இழந்து சூட்டைக் கூட்டினால் பெயிண்ட் கருகிப் புகையும், ஈயமிருந்தால் அதுவும் சேர்ந்து புகையும். இப்போது வருகிற கார்களின் தகடு முக்கால் மில்லி சுமார்தான், இந்தச் சூட்டில் நெளிந்துவிடும். ஜீப் தகடு கனம், அசையவில்லை.

கம்பெனித் தகட்டுக்கு மட்டும் காது குடையும் பஞ்சுக்குச்சியில் ரிமூவர். ஒரு மணி நேரம் ஆனது. முதலில் ஒரு எம். பிறகு சேஸிஸ் எண், ஒவ்வொரு இலக்கமாக. ஆர்.சி. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன், எண் சரியாக இருந்தது. இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு மணி நேரம் இதுதான்.

29 ஜூன், ஞாயிறு

நேற்று ராத்திரி தரை முழுக்கப் பளபளவென்று வெறும் தகடு. படம்கூட எடுத்து வைத்தேன். ராத்திரி ஆனிச் சாரல். கொட்டகைக்குள் ஒரு துளி விழவில்லை, ஈரக்காற்றே போதுமானதாக இருந்தது. காலையில் பார்த்தால் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி தகடு முழுக்கத் துரு. என் கைரேகை பட்ட இடமெல்லாம் தனியாகப் பழுப்பு அடித்திருந்தது.

ஒரே நாளில் எவ்வளவு உரித்து எவ்வளவுக்குப் பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவுதான் உரிக்க வேண்டும். இதை டிங்கரிங் அண்ணன் முதல் நாளே சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

அவர் இன்று வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பேசாம மண் அடிச்சிருக்கலாம்ல" என்றார். காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடித்தால் அந்த வேகத்தில் பெரிய சமதளம் நெளியும், மடிப்புக்குள் புகுந்த மணல் சாகிறவரை வராது, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன் என்று நான் காரணம் அடுக்க, "அதுக்கு இப்படி ஒரு மாசம் சுரண்டுறியாக்கும்" என்று சிரித்தார். ஓட்டையைச் சுற்றி நல்ல தகடு வரும்வரை வெட்டி, சரியான கனத்தில் துண்டு வைத்து வெல்ட் அடித்துக் கொடுத்தார்.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி போட்டுத் தேய்த்து, கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மடிப்புகளை ஹீட் கன்னால் காயவைத்து, இருட்டுவதற்குள் பாதித் தரைக்கு எபாக்ஸி பிரைமர்.

5 ஜூலை, சனி

வீல் மேடு சேரும் மடிப்பில், போன வாரம் அடித்த பிரைமர் கொப்பளித்திருக்கிறது. மடிப்புக்குள் தங்கியிருந்த ரிமூவர் இப்போது கசிகிறது. அந்த ஒன்றரை அடியைத் திரும்ப உரித்து, தின்னரும் பிரஷ்ஷுமாக மடிப்பை அலசினேன். சீட் சட்டத்துக்குப் பின்னால், கை போகாத குழியில் கம்பெனிப் பச்சை கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் கீறினாலும் வரவில்லை. மேலே இருந்ததை மட்டும் எடுத்துவிட்டுப் பச்சையை விட்டுவிட்டேன். 39 வருஷம் இருந்தது, இனியும் இருக்கட்டும்.

12 ஜூலை, சனி

முழு உட்புறமும் சாம்பல் நிறப் பிரைமரில் நிற்கிறது. மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். நேராகக் கொட்டகைக்குப் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினார்.

"சில்வர் நல்லாத்தானடா இருந்துச்சு."

உரித்ததையெல்லாம் கோழிக்கு எட்டாமல் இரண்டு பாலித்தீன் பையில் கட்டி மூலையில் வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். தூக்கிப் பார்த்துவிட்டு, ஏலக்காய் நிறுக்கும் தராசைக் கொண்டுவரச் சொன்னார். நாலு கிலோ முந்நூறு.

"இம்புட்டையுமா மேட்டுல ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்தேன்" என்றார்.