பத்துக்கு எட்டரை

ஒரு கணினி மாத இதழில் ஆறு ஆண்டுகள் புதிய விளையாட்டுகளின் நிறைகுறைகளை எழுதிக்கொண்டிருந்தேன். வரன் பார்க்க வந்தவர்களிடம் அம்மா "பத்திரிகையில் இருக்கிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பையன் நாள் முழுக்க விளையாடுகிறான் என்று எந்த வாயால் சொல்வார்?

நாற்பது மணி நேர விளையாட்டு ஒன்று கைக்கு வரும். நான்கு நாளில் அச்சுக்குப் போக வேண்டும். அப்படி விரட்டி விளையாடினால் எதுவும் நீளமாகத்தான் தெரியும். "கதை இழுக்கிறது" என்று நான் எழுதியவற்றில் பாதி, தூக்கக் கலக்கம் எழுதியது.

முதல் சூடு ஒரு கார் பந்தய விளையாட்டில் பட்டேன். மழையில் சாலை மின்னும் அழகைப் பற்றி ஒரு பத்தி எழுதி, எட்டரை மதிப்பெண் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு வாசகரிடமிருந்து அஞ்சலட்டை: "ஐயா, தங்கள் கணினி என்ன விலை?" அவ்வளவுதான் எழுதியிருந்தார். அலுவலகக் கணினியில் இருந்தது விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரையில் படத்தை வரையும் பாகம். திரையில் அசைவு என்பது அடுத்தடுத்து வரும் படங்கள்தான்; ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். விநாடிக்கு 60 பிரேம் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமையும் சுமார் 16.7 மில்லிவிநாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். அவருடைய கணினியால் அதில் பாதி வேகத்துக்குக்கூட ஈடுகொடுக்க முடிந்திருக்காது. திருப்பத்தில் கார் தத்தித் தத்திப் போனால் மழையாவது மின்னலாவது! அன்று முதல் தங்கையின் பழைய லேப்டாப்பையும் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதில் ஓடாததை ஓடவில்லை என்றே எழுதினேன்.

2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டு வெளிவந்தபோது அந்த அஞ்சலட்டை நினைவுக்கு வந்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டும். பாராட்டுகள் குவிந்தன. சோனியின் பழைய விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4-இல் வாங்கியவர்களோ பிழைகளோடு மல்லுக்கட்டினார்கள். வெளியான ஒரு வாரத்திலேயே சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கியது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. பாராட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் மேசையில் கண்டதைச் சொன்னார்கள். நானும் அப்படித்தானே செய்திருந்தேன்.

கணினியைக் குறை சொல்லித் தப்ப முடியாத விளையாட்டு 2023-இல் வந்தது: 'வெண்பா'. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். பக்கங்கள் சேதமான ஒரு சமையல் குறிப்பேடு. விட்டுப்போனதை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். எந்த லேப்டாப்பிலும் ஓடும். ஒரே மாலையில் முடிந்துவிடும். விலைக்கு நேரம் போதாது என்று மதிப்பெண்ணைக் குறைப்பதா? நான் குறைக்கவில்லை. எட்டு மணி நேரம் நீட்டியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

சிக்கல் இட்லியில் வந்தது. ஆவி எல்லா இட்லிக்கும் ஏறும்படி தட்டுகளை அடுக்க வேண்டும். நான் யோசிக்காமலே அடுக்கிவிட்டேன். பஞ்சாபில் வளர்ந்த சக ஊழியர் மூன்று முறை தவறவிட்டு, "இதை யார் சொல்லிக்கொடுப்பார்கள்?" என்று கேட்டார். குறிப்பேட்டை வைத்துக்கொண்டு தடுமாறி, நாலாவது முறை சரியாக வந்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு வரவில்லை. எனக்கு அது புதிரே இல்லையே.

அவர் ஆடிய கதையையும் ஒரு பத்தியாகச் சேர்த்துக் கொடுத்தேன். இடமில்லை என்று ஆசிரியர் அதை வெட்டிவிட்டு, மதிப்பெண்ணை மட்டும் கட்டம் கட்டிப் போட்டார்.