தடைக்காலத்திலும் நிற்காத வாரத் தவணை

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த இந்தத் தடை 2017 முதல் 61 நாளாகிவிட்டது. ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஆகிய ஊர்களில் இந்தத் தேதிகள் சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அப்படியிருந்தும், எங்கள் பெண்களுக்குக் குழுக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தவணை அட்டவணை போடும்போது இந்த இரண்டு மாதங்களையும் மற்ற மாதங்களைப் போலவே எழுதிவிடுகின்றன. இந்தக் கடலோரத்துக் குடும்பங்கள் கடனிலிருந்து மீளாமல் இருப்பதற்கு இதையே முதல் காரணமாக நான் கருதுகிறேன்.

தங்கச்சிமடத்தில் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை வைத்து, விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். அதனால் பலருடைய குழுக் கடன் தவணை அட்டைகளைப் பார்க்க நேர்கிறது. பக்கத்துத் தெரு அக்கா ஒருவரின் கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகும் கூலி மீனவர். அக்காவிடம் இரண்டு அட்டைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு வாரம் 740 ரூபாய், மற்றொன்றுக்கு 620 ரூபாய். தடைக்காலத்தில் ஒன்பது வாரத் தவணை என்று வைத்தால் 12,240 ரூபாய் ஆகிறது. அதே காலத்துக்கு மாநில அரசு தரும் நிவாரணம், 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் உயர்த்தி அறிவிக்கப்பட்டபடி, குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அந்தப் பணத்தை அப்படியே தவணைக்குக் கொடுத்தாலும் 4,240 ரூபாய் குறைகிறது; அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. குறையும் தொகைக்கு மூன்றாவதாக ஒரு கடன் வாங்குகிறார்கள், இல்லையென்றால் காதில் கிடப்பது அடகுக்குப் போகிறது.

வங்கிக்குப் போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 2018-19 நிதிநிலை அறிக்கையிலேயே மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறவருக்கு வட்டி 4 சதவீதம் வரை இறங்கும். ஆனால் கடல் மீன்பிடிப்புக்கு அந்தக் கடனைப் பெற, பதிவு பெற்ற படகு சொந்தமாகவோ குத்தகையாகவோ இருக்க வேண்டும், உரிமமும் இருக்க வேண்டும். அடுத்தவர் படகில் பங்குக்குப் போய் வலை இழுக்கிறவர் இரண்டையும் எங்கிருந்து காட்டுவார்? கடலில் உழைக்கிறவர்களில் பெரும்பகுதியினரை அந்த ஒரு நிபந்தனை வெளியே நிறுத்திவிடுகிறது. அவர்கள் வீட்டுப் பெண்கள் 24 சதவீதத்தை ஒட்டிய வட்டிக்குக் குழுவில் கையெழுத்துப் போடுவது இதனால்தான்.

இத்தனைக்கும், விதிகள் இல்லாமல் இல்லை. இந்தக் குழுக் கடன்களும் அடங்கும் குறுங்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதம் கட்ட வேண்டிய தொகை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கின்றன. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் அட்டை இருக்க வேண்டும் என்றும் அவற்றில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட எங்களுக்கு முக்கியமான விதி வேறொன்று: எத்தனை நாளுக்கு ஒருமுறை தவணை கட்டுவது என்பதைக் கடன் வாங்குகிறவரின் தேவைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள இடம் தரும் கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும். அதாவது, தடைக்காலத்தை விட்டுவிட்டு மற்ற மாதங்களில் கூடுதலாகக் கட்டுகிறேன் என்று கேட்பதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. என் கடைக்கு வரும் பெண்களில் ஒருவருக்குக்கூட இதை எந்த நிறுவனமும் சொன்னதில்லை. முன்கூட்டியே தேதி தெரிந்த வருமான இழப்புக்கு அட்டவணையில் இடம் வைக்காததை நிர்வாக அசட்டை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. வாரம் தவறாமல் பணம் வந்தால் போதும், அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணம்தான் அதன் அடியில் இருக்கிறது.

தடைக்காலத்துக்காவது தேதி உண்டு. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போவதற்கு எந்தத் தேதியும் இல்லை. எல்லை தாண்டி மீன்பிடிக்கும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை இலங்கை 2018-இல் சட்டத்திருத்தம் மூலம் கடுமையாக உயர்த்தியது; படகின் அளவைப் பொறுத்து அது 50 லட்சம் முதல் 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை போகலாம். படகு போனால் உரிமையாளருக்கு நிவாரணம் கேட்கச் சங்கம் இருக்கிறது. சிறையில் கிடக்கும் கூலி மீனவரின் குடும்பத்துக்கு அரசின் தினப்படி வரும், ஆனால் அவருடைய மனைவியின் வாரத் தவணையை யாரும் நிறுத்திவைப்பதில்லை. அந்த அக்காவே ஒருமுறை சொன்னார்: "ஆளு உள்ள இருக்காருன்னு சொன்னேன் தம்பி. குழுவுல எல்லாரும் பிரிச்சுக் கட்டுங்கன்னுட்டு வசூலுக்கு வந்த பையன் அங்கேயே உக்காந்துட்டான்." அன்று மற்ற பெண்கள் சேர்ந்து கட்டினார்கள், அவர்கள் வீட்டு ஆண்களும் அதே துறையில் படகு ஏறுகிறவர்கள்தாம்.

கைதைக் கண்டித்து வேலைநிறுத்தம் அறிவித்தால் ஊரே நின்றுவிடுகிறது. ஐஸ் கம்பெனியில் கட்டிகள் விற்காமல் கிடக்கும், மீன் கூடை தூக்கும் பெண்களுக்கும் வலை பின்னுகிறவர்களுக்கும் வேலை இராது, டீக்கடைக் கடன் நோட்டில் பக்கங்கள் கூடிக்கொண்டே போகும். அந்த டீக்கடைக்காரரும் ஏதோ ஒரு நிறுவனத்துக்குத் தவணை கட்டுகிறவர்தாம். அவருக்கு எந்த நிவாரணப் பட்டியலிலும் பெயர் இல்லை.

மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் மூன்றாண்டு சிறைக்கும் 5 லட்சம் ரூபாய் அபராதத்துக்கும் வகை செய்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் வசூலுக்கு வருகிறவர் தன்மையாகப் பேசினாலும், கட்ட முடியாத வாரத்தில் தவணை கேட்பது மாறப்போவதில்லை. மாற வேண்டியது அட்டவணை.

ஆகவே, குழுவில் இருக்கும் பெண்கள் அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தவணை இல்லாத அட்டவணை வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். மனுவின் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. மனு எழுதத் தெரியாதவர்கள் என் கடைக்கு அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள், அதற்கு நான் காசு வாங்குவதில்லை.