பிராந்திய ராணுவம்: விண்ணப்பித்ததும் விட்டதும்

பொறியியல் முடித்த கையோடு, 2006இல், ராணுவ அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறி, ஐந்து நாள் நேர்முகத் தேர்வு நடத்தும் பெங்களூரு எஸ்.எஸ்.பி. தேர்வு வாரியத்துக்குச் சென்று, ஐந்தாம் நாள் 'கான்ஃபரன்ஸ் அவுட்' ஆகி, அதாவது இறுதிச் சுற்றில் தேறாமல், ஊர் திரும்பியவன் நான். அப்போது எனக்கு 22 வயது. அதன்பின் கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். திருமணம், மகள், வீட்டுக் கடன் என்று 17 ஆண்டுகள் கழிந்தன. 2023இல், 39 வயதில், மீண்டும் ராணுவத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அப்பா மட்டும், "தோனி மாதிரியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் பலமுறை பதில் சொல்ல வேண்டியிருந்தது. மகேந்திர சிங் தோனிக்கு 2011இல் அளிக்கப்பட்டது கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி. அதற்குத் தேர்வு கிடையாது. ஆனால் அதே டெரிட்டோரியல் ஆர்மியில், அதாவது பிராந்திய ராணுவத்தில், என்னைப் போன்றவர்கள் தேர்வெழுதி அதிகாரியாகச் சேரவும் ஒரு வழி இருக்கிறது. அரசியல்வாதி சச்சின் பைலட் 2012இல் அப்படிச் சேர்ந்தவர்தான். வழக்கமான ராணுவத்தின் அதிகாரி நுழைவுகள் இருபதுகளிலேயே மூடிவிடுகின்றன. பிராந்திய ராணுவம் மட்டும் 42 வயது வரை காத்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜியால் தொடங்கி வைக்கப்பட்ட இந்தப் படை, வேறொரு தொழிலில் வருமானம் ஈட்டிக்கொண்டிருக்கும் பட்டதாரிகளையே அதிகாரிகளாக எடுத்துக்கொள்கிறது. வேலை இல்லை என்றால் விண்ணப்பிக்கவே முடியாது.

விண்ணப்பிக்கும் முன் நான் போட்ட முதல் கணக்கு பணத்தைப் பற்றியது. முதலாண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, ஆண்டுதோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டாண்டுகளுக்குள் டேராடூன் இந்திய ராணுவ அகாடமியில் மூன்று மாதப் பயிற்சி. லெப்டினன்ட்டின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், அதற்கு மேல் ராணுவப் பணிப்படி 15,500 ரூபாய் என்பதெல்லாம் பயிற்சியிலோ பணியிலோ இருக்கும் நாட்களுக்கு மட்டுமே. மற்ற மாதங்களில் அவரவர் தொழில்தான் சோறு போடும். ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டுகள் முழுநேரப் பணியில் இருந்திருக்க வேண்டும் என்பதால், அந்த வரியை என் நோட்டிலிருந்து முதல் நாளே அடித்துவிட்டேன். மீதியைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் கடன் தவணைக்குப் பங்கம் வராது என்று தெரிந்தது. கோவையிலேயே மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 110ஆவது பிராந்திய ராணுவப் பட்டாலியன் இருப்பதால், சேர்ந்தாலும் ஊர்ப்பக்கமே இருப்பேன் என்று மனைவியிடம் சொன்னேன். அதை நானும் நம்பினேன்.

அலுவலகத்தில் வாங்க வேண்டிய தடையின்மைச் சான்றிதழுக்குத்தான் அதிக நாட்கள் ஆயின. என் மேலதிகாரிக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு மாதம் ஆள் இல்லாமல் போவதை எந்த விடுப்பில் எழுதுவது என்று மனிதவளப் பிரிவுக்குத் தெரியவில்லை. படைப்பணிக்கு அழைக்கப்படுபவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ளும் கடமை வேலை கொடுத்தவருக்கு உண்டு என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பிரிவை அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பகுத்தறியும் திறன், எளிய கணக்கு ஒரு தாள். பொது அறிவு, ஆங்கிலம் மற்றொன்று. தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறையும். மகளின் கணக்குப் புத்தகங்கள் உதவின. இதற்கிடையே அதிகாலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஓடப் பழகினேன். இரண்டரைக் கிலோமீட்டர் சுற்று ஒன்றை நிற்காமல் முடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

அடுத்தது புனேயில் முதனிலை நேர்காணல். என் கணக்கில் முதல் விரிசல் அங்கேதான் விழுந்தது. எந்தப் பட்டாலியனை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள், கோவை என்றேன். அதிகாரி ஒருவர் புன்னகையோடு, பட்டாலியனின் ஊர் வேறு, பட்டாலியன் இருக்கும் இடம் வேறு என்றார். 1962, 1965, 1971 போர்களிலும் இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையிலும் பிராந்திய ராணுவத்தினர் பங்கேற்றதை நான் தேர்வுக்காகப் படித்திருந்தேன். காஷ்மீரிலும் வடகிழக்கிலும் இன்றும் அவர்கள் பணியில் இருப்பதும் தெரியும். தெரிந்த செய்தியை என் வீட்டோடு சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். திரும்பும் ரயிலில் மனைவிக்குப் போன் செய்து தேறிவிட்டேன் என்று சொன்னேன். அதிகாரி சொன்னதைச் சொல்லவில்லை. அது தவறு.

2024இல் மறுபடியும் பெங்களூரு எஸ்.எஸ்.பி. எங்கள் தொகுதியில் வங்கி அலுவலர், வழக்கறிஞர், கல்லூரி ஆசிரியர் எல்லாம் இருந்தார்கள். மாலையில் பேச்சு பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றியே சென்றது. தேர்வு முறை 2006இல் பார்த்ததுதான். படத்தை 30 நொடி பார்த்துக் கதை எழுதி விவாதிக்கும் முதல் நாள் வடிகட்டல், பிறகு 12 படங்களுக்குக் கதை, ஒவ்வொன்றுக்கும் 15 நொடி வீதம் 60 சொற்களுக்கு வாக்கியம், அரை மணியில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில். 22 வயதில் நான் எழுதிய கதைகளில் எல்லோரும் தீவிரவாதிகளைப் பிடித்தார்கள். இம்முறை என் நாயகர்கள் பழுதான பம்பைச் சரிசெய்தார்கள், சம்பளத் தகராறைத் தீர்த்தார்கள். பெற்றோரும் நண்பர்களும் மேலதிகாரியும் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எழுதச் சொல்லும் பகுதியில், முன்பு கற்பனையாக நிரப்பிய தாளை இம்முறை நேராக நிரப்ப முடிந்தது. ஒவ்வொருவரும் தனியாகத் தாண்ட வேண்டிய உடற்திறன் தடைகளில் மூன்று நிமிடத்துக்குள் பத்தில் ஆறுதான் முடிந்தது. கயிறு ஏறுவதைத் தொடவே இல்லை.

நேர்காணலில் அப்பாவின் உடல்நிலையைப் பற்றிக் கேட்டார்கள். சர்க்கரை நோய், சிறுநீரகமும் பலவீனம் என்றேன். அவர் மருத்துவமனையில் இருக்கும் நாளில் பட்டாலியன் அழைத்தால் என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி. திருப்பூரில் இருக்கும் மச்சான் பார்த்துக்கொள்வார், உடனே புறப்படுவேன் என்று தயங்காமல் சொன்னேன். "இதைப் பற்றி அவரிடம் எப்போது பேசினீர்கள்?" என்று நேர்காணல் அதிகாரி அமைதியாகக் கேட்டார். நான் பேசியிருக்கவில்லை. பேசவில்லை என்றே சொன்னேன். ஐந்தாம் நாள் வாசித்த பட்டியலில் என் மார்பு எண் இல்லை. காரணத்தை அங்கே யாரும் சொல்வதில்லை. ஆறு தடைகளாகவும் இருக்கலாம், அந்தப் பதிலாகவும் இருக்கலாம்.

அடுத்த அறிவிப்புக்கு எழுதலாம் என்றுதான் இருந்தேன். 2025 மே மாதம், எல்லையில் பதற்றம் உச்சத்தில் இருந்தபோது, பிராந்திய ராணுவ விதி 33இன்படி அந்தப் படையினரை அழைத்துக்கொள்ள ராணுவத் தளபதிக்கு அதிகாரம் அளித்து மத்திய அரசு ஆணையிட்ட செய்தி வந்தது. 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14 முழுநேரப் பணிக்கு. செய்தியை முதலில் பார்த்தது மனைவி. "போன வருசம் எடுத்திருந்தா இப்ப போயிருப்பீங்க இல்லைங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ரெண்டு மாசம்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. புனேயில் கேட்டதை அன்றிரவு அவளிடம் சொன்னேன். நான் மனத்தில் வைத்திருந்தது சீருடையும் ஆண்டுக்கு இரண்டு மாத முகாமும். அழைப்பு வந்தால் போவது என்ற பகுதியைக் கணக்கில் சேர்க்காமலேயே இரண்டு ஆண்டுகள் தயாராகியிருக்கிறேன்.

அதே மாதத்தில் புதிய அறிவிப்பும் வெளியானது. இம்முறை விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் திருப்பூருக்குப் போனேன். மச்சான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு மாசம்னா அப்பாவை நான் பாத்துக்கறேன் மாப்ளே. ரெண்டு வருசம்னா என்னால வாக்குக் குடுக்க முடியாது" என்றார். அவருடைய பனியன் கம்பெனியின் நிலை எனக்குத் தெரியும். அவர் சொன்னதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

நான் விண்ணப்பிக்கவில்லை. 2026 ஆகஸ்ட்டில் எனக்கு 42 முடிகிறது. அதற்குள் இன்னோர் அறிவிப்பு வந்தால், மச்சானிடம் இன்னொரு முறை கேட்பதாக இருக்கிறேன்.