திங்கட்கிழமை பிளாங்க்

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 10500:2012 என்ற இந்தியத் தரநிலை. அதாவது 10 மைக்ரோகிராம். நான் பணியில் சேர்ந்த நீர்ப் பகுப்பாய்வுக்கூடத்தில் இருந்ததோ, சுடருக்குள் உலோகம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து அதன் அளவைச் சொல்லும் சுடர் வகை ஏஏஎஸ் கருவி ஒன்றுதான். இவ்வளவு குறைந்த ஈயமுள்ள நீரை நேராகச் சுடருக்குள் செலுத்தினால், ஈயம் உறிஞ்சும் 283.3 நானோமீட்டர் ஒளியில் திரையில் ஆடுவது ஈயமா, கருவியின் நடுக்கமா என்று சொல்ல முடியாது. ஆகவே நூறு மில்லி நீரிலுள்ள ஈயத்தைப் பத்து மில்லி கரைப்பானுக்குள் இழுத்துச் செறிவூட்டிய பிறகே அளந்தோம்.

செய்முறை எளிதுதான். நைட்ரிக் அமிலம் விட்டுப் பாதுகாத்த மாதிரியின் பிஎச்-ஐச் சரிசெய்து, அன்றன்று கரைத்த ஏபிடிசி என்ற வேதிப்பொருளின் கரைசலில் ஒரு மில்லி சேர்ப்போம். ஈயம் அதனோடு பிணைந்துகொள்ளும். பிறகு எம்ஐபிகே என்ற கரைப்பான் பத்து மில்லி ஊற்றி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி நிறுத்தினால், நீரைவிட இலேசான அந்தக் கரைப்பான் ஈயத்தைச் சுமந்துகொண்டு மேலே வந்து நிற்கும். குடுவையின் சுவரோரமாகத் தண்ணீரைச் சிறிது சிறிதாக வழியவிட்டு, அந்த மெல்லிய அடுக்கைக் கழுத்துவரை உயர்த்தி, கருவியின் உறிஞ்சுகுழாயை அதற்குள் மட்டும் இறக்க வேண்டும். கை சற்றுத் தாழ்ந்தால் நீர் ஏறிவிடும். ஊற்றிய பத்து மில்லியில் ஏறத்தாழ இரண்டு மில்லி நீரிலேயே கரைந்துபோகும் என்பதால், ஈய அளவு முன்பே தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசல்களையும் இதே வழியில் பிரித்தெடுத்தால்தான் கணக்கு ஒத்துவரும். அந்தக் கரைப்பானின் வாசனை மாலையில் வீடுவரை கூடவே வரும் என்பது வேறு கதை.

சேர்ந்த இரண்டாம் ஆண்டில், எங்கள் பிளாங்க் சில நாட்களில் மட்டும் லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் ஈயம் காட்டத் தொடங்கியது. பிளாங்க் என்பது மாதிரிக்குப் பதிலாக எங்கள் காய்ச்சி வடித்த நீரையே வைத்துச் செய்யும் வெற்றுச் சோதனை. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றும் இல்லை என்று அது காட்ட வேண்டும். அமிலத்தைச் சந்தேகித்தோம், புதுப் புட்டி திறந்தோம். கண்ணாடிப் பொருட்களையெல்லாம் பத்து விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்தோம். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தது, பிறகு மீண்டும் வந்தது. பதிவேட்டைப் புரட்டியபோதுதான், உயர்ந்த பிளாங்க் எல்லாமே திங்கட்கிழமையில் விழுந்திருப்பது கண்ணில் பட்டது. இடையில் வந்த இரண்டு திங்களிலும் நாங்கள் பிற்பகலில்தான் வேலையைத் தொடங்கியிருந்தோம்.

ஆய்வக உதவியாளரிடம் கேட்டேன். "சனிக்கிழமை சாயங்காலம் மூடுன பைப்ப திங்கட்கிழமை காலைலதான மேடம் தொறக்குறோம்" என்றார் அவர். வடிநீர்த் தொட்டியிலிருந்து வந்த குழாய் பிளாஸ்டிக். முனையில் நீரைத் திறந்து மூடும் திருகு பித்தளை. கடைந்தெடுக்கும் பித்தளையில் ஈயம் சேர்ப்பது வழக்கம், உப்பே இல்லாத வடிநீரோ உலோகத்தை எளிதில் அரிக்கும். ஞாயிறு முழுக்க அதனுள் நின்ற நீரைத்தான் காலையில் முதலில் பிடித்துப் பிளாங்க் வைத்திருக்கிறோம். வீடுகளில் மாதிரி எடுக்கச் செல்வோருக்கு, இரவெல்லாம் குழாயில் நின்ற முதல் நீரைத் தனிப் புட்டியில் பிடிக்க வேண்டும் என்று பாடம் நடத்தியவர்கள் நாங்கள்தான்.

எனக்கு அன்று தூக்கம் வராததற்குக் காரணம் அந்தத் திருகு அல்ல. ஒவ்வொரு மாதிரியின் அளவிலிருந்தும் பிளாங்க் அளவைக் கழித்தே அறிக்கை கொடுத்திருந்தோம். ஆனால் அந்த 4 மைக்ரோகிராம் மாதிரிக்குள் போகவே இல்லை. அது வடிநீரில் மட்டும் இருந்தது. கழித்ததால் மாதிரிகளில் உண்மையாகவே இருந்த ஈயம் குறைந்துபோனது. பிளாங்க் உயர்ந்தால் பிறர் நீர் மாசுள்ளதாகத் தெரியும் என்றே நான் அதுவரை அஞ்சிக்கொண்டிருந்தேன். இது நேர் எதிர்த் திசையில் சென்றிருந்தது.

அமிலம் விட்ட மாதிரிகளை உலோகச் சோதனைக்காக ஆறு மாதம் வரை வைத்திருக்கலாம் என்பதால், அந்தத் திங்கட்கிழமைப் புட்டிகள் அலமாரியில் அப்படியே இருந்தன. குழாயின் முனையில் பிளாஸ்டிக் திருகு மாட்டிய பின் எல்லாவற்றையும் மறுபடி பிரித்தெடுத்தோம். பெரும்பாலானவை எல்லைக்குள்ளேயே நின்றன. 8 என்று எழுதி அனுப்பிய ஒரு தெருக்குழாய் நீர் மட்டும் 12 காட்டியது. பொறுப்பு அலுவலர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை; பிறகு பழைய அறிக்கையை ரத்து செய்வதாகக் குறிப்பிட்டுத் திருத்திய அறிக்கையில் கையெழுத்திட்டார். அதை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.