டிகேஎம் 13 விதைப்பண்ணை: வெள்ளை அட்டையிலிருந்து நீல அட்டை வரை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில் சம்பாவுக்கு டிகேஎம் 13 என்ற நெல் ரகத்தில் விதைப்பண்ணை போட்டு, சான்று விதையாக, அதாவது விதைச்சான்றுத் துறை சோதித்து அட்டை கட்டிய விதையாகக் கொடுத்து முடித்தோம். புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எழுத்து வேலை கொஞ்சம்தான். ஆதார விதை (சான்று விதை பெருக்குவதற்கான மூல விதை) வாங்கிய ரசீதையும் மூட்டையில் இருந்த வெள்ளை அட்டையையும் பத்திரப்படுத்தி, விதைத்த 35 நாளுக்குள் விதைப்பு அறிக்கையோடு விதைச்சான்று அலுவலகத்தில் கொடுத்துப் பதிய வேண்டும்.

பாடு முழுக்க வயலில். குறுவையில் அங்கே ஏஎஸ்டி 16 இருந்தது. உதிர்ந்த அந்தக் குண்டு நெல் முளைத்துவிட்டால் ரகம் கெட்டுப்போகும். தண்ணீர் கட்டி, முளைத்ததைச் சேற்றில் மடக்கி உழுது, சில நாள் விட்டு மறுபடி உழுதபிறகே நட்டோம். அடுத்த வயலில் வேறு ரகம் என்பதால் 3 மீட்டர் இடைவெளி விட்டோம். நெல் தன் பூவிலேயே சூல் கொள்ளும் பயிர், அதற்கு மேல் தேவையில்லை.

சான்று விதையில் ஆயிரம் கதிருக்கு இரண்டு கலவன் (ரகம் மாறிய பயிர்) வரைதான் விடுவார்கள். பூக்கும் சமயம் காலையில் வெயிலை முதுகில் வாங்கி நடந்தால், ஓங்கி நிற்பது, முந்திக் கதிர் தள்ளியது, மணி நுனியில் மீசை வைத்தது, தூரடியில் ஊதா ஓடியது எல்லாம் கண்ணில் படும். கதிரைக் கிள்ளினால் போதாது, பக்கச் சிம்பு மறுபடி கதிர் விடும். தூரோடு பிடுங்கி வெளியே போடுங்கள். நடவுக்கு வந்த அக்காக்களையே இதற்கும் கூப்பிட்டோம், அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தப்பவில்லை. மணி முற்றும்போது இன்னொரு சுற்று அவசியம். நெல்லின் பருமன் அப்போதுதான் தெரியும். வயலாய்வுக்கு வந்த விதைச்சான்று அலுவலர் கதிர்களை எண்ணிப் பார்த்துவிட்டு அறுவடைக்குச் சம்மதித்தார்.

அறுவடை இயந்திரம்தான் பெரிய ஆபத்து. முந்தின ஊர் நெல் அதன் தொட்டியிலும் குழாயிலும் தங்கியிருக்கும். ஓட்டுநருக்குக் கூடக் கொடுத்தாவது முழுக்கச் சுத்தம் செய்ய வையுங்கள்; முதலில் அறுத்த நெல்லைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்து, சுத்திகரிப்பு நிலையத்தில் சலித்து, மாதிரி எடுத்தார்கள். முளைப்புத்திறன் 80, புறத்தூய்மை (தூசு, பதர் கலக்காத சுத்தம்) 98 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. நெல்லுக்கு முளைப்பு முடிவு வரவே 14 நாள் ஆகும். தேறியதும் மூட்டைகளில் நீல அட்டை கட்டினார்கள். பரிசோதனைத் தேதியிலிருந்து 9 மாதம் செல்லும், அதனால் மாசியில் தேறிய விதை ஆவணி நாற்றங்காலுக்குத் தாராளமாகத் தாங்கும்.