அழிக்கச் சொன்ன ஆவணம் எங்கெங்கே இருக்கிறது

பதினேழு வயதில் ஒரு பைக் திருட்டு வழக்கு. 18 வயதுக்குட்பட்டவர்களின் வழக்கைப் பார்க்கும், சென்னை கெல்லீஸில் உள்ள இளைஞர் நீதிக் குழுமம் எச்சரித்து அனுப்பிவிடுகிறது. 'கேஸ் முடிஞ்சிருச்சு' என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள். நாலு வருஷம் கழித்துக் காவலர் தேர்வில் தேறி, சரிபார்ப்புக்குப் படிவம் போகும்போது பழைய குற்ற எண் தலைகாட்டுகிறது.

சட்டத்தில் குறையில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24வது பிரிவுப்படி, தண்டனையால் வரும் தகுதியிழப்பு சிறாருக்குக் கிடையாது. மேல்முறையீட்டுக் காலமோ விதியில் சொன்ன காலமோ கழிந்தபின் ஆவணங்களை அழிக்கக் குழுமம் போலீசுக்கு உத்தரவிட வேண்டும். 2016 மாதிரி விதிகள் ஏழு ஆண்டுக்கு மேல் வைத்திருக்க விடுவதில்லை. 16 வயதைத் தாண்டியவரைக் கொடுங்குற்றத்துக்காக, பெரியவரை விசாரிப்பதுபோல விசாரித்துத் தீர்ப்பளித்த வழக்குக்கு மட்டும் இது பொருந்தாது. முடிந்த வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது 74வது பிரிவு.

சிக்கல், ஆவணம் ஓரிடத்தில் இல்லை என்பதுதான். குழுமத்தின் கோப்பு, ஸ்டேஷனில் கேஸ் கட்டு, சிசிடிஎன்எஸ் என்கிற போலீஸ் கம்ப்யூட்டர் வலையமைப்பில் பதிவு, மாநிலக் குற்ற ஆவணக் காப்பகம், எடுத்திருந்தால் கைரேகை என்று பல இடம். மனுவில் பொத்தாம்பொதுவாக 'ஆவணங்களை அழிக்க' என்று கேட்டால் உத்தரவும் அப்படியேதான் வரும். ஸ்டேஷனில் கேஸ் கட்டு போகும், கம்ப்யூட்டரில் பெயர் நிற்கும். அதனால் குற்ற எண்ணைப் போட்டு, ஒவ்வொரு இடத்தையும் பெயர் சொல்லி, நிறைவேற்றிய அறிக்கையைக் குழுமத்திடம் தாக்கல் செய்யவும் உத்தரவு கேட்க வேண்டும். உத்தரவை ஸ்டேஷனில் கொடுக்கும்போது நம் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்வது நல்லது. ஸ்டேஷனில் ஆவணங்களைப் பார்க்கும் ரைட்டர் மாறிவிட்டால் எல்லாம் முதலிலிருந்துதான்.

அதற்கும் முன்னால் இறுதி உத்தரவின் சான்றிட்ட நகல் கைக்கு வந்திருக்க வேண்டும். குழுமத்தின் கோப்பே அழிந்தபின் எங்கோ ஒரு பதிவு மிஞ்சினால், வழக்கு முடிந்ததைக் காட்ட வேறு காகிதம் கிடையாது. இரண்டு நகலாக வாங்கி, ஒன்றை வீட்டில் பத்திரப்படுத்தச் சொல்கிறோம்.

மூன்றாண்டுக்குள் தண்டனை உள்ள சிறு குற்றத்தில், விசாரணை நான்கு மாதத்திலும் நீட்டித்த இரண்டு மாதத்திலும் முடியாவிட்டால் வழக்கு சட்டப்படியே முற்றுப்பெறும். கம்ப்யூட்டருக்கு இது எங்கே தெரியும்? 'விசாரணையில்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். முற்றுப்பெற்றதாகக் குழுமத்திடம் எழுத்தில் உத்தரவு வாங்கினால்தான் அது மாறும்.

பெரியவர்களோடு சேர்த்துப் பிடிபட்ட வழக்குதான் ஆகக் கஷ்டம். பையனின் விசாரணை தனியாக நடந்து முடிந்திருக்கும். மற்றவர்களின் குற்றப்பத்திரிகையிலோ மூன்றாம் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாவதாக, அவன் பெயர் அப்படியே இருக்கும். அந்தக் கோப்பை அழிக்க முடியாது. அவன் பெயரை மறைக்கும்படி, 74வது பிரிவைக் காட்டி அந்த நீதிமன்றத்திலேயே தனி மனு போட வேண்டும்.

வேலைப் படிவத்தில் 'எப்போதாவது கைதானதுண்டா' என்ற கட்டம் வரும். இல்லை என்று எழுதலாமா என்பதில் வக்கீல்களிடமே ஒருமித்த கருத்தில்லை. தகவலை மறைத்ததே வேலை போகக் காரணமாகலாம் என்பதை 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சிறார் வயதுக் குற்றம் களங்கமாகத் தொடரக் கூடாது என்று 2019இல் ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். சீருடைப் பணிக்கு விண்ணப்பிப்பவர் 'சிறார் வழக்கு, முடிந்தது, பிரிவு 24' என்று ஒரே வரியில் எழுதி, உத்தரவு நகலை இணைப்பதே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து.