பன்றிக் கண்ணும் பன்னிரண்டு பக்கமும்

கண் அழுத்த நோயான குளோக்கோமா பற்றிய ஆய்வுக்கு, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஎச்) தரும் ஆர்01 என்ற ஆய்வு மானியம் இரண்டாவது முயற்சியில் கைக்கு வந்துவிட்டது. கண்ணை ஆராயும் உதவிப் பேராசிரியருக்கு இங்கே வேலை நிரந்தரமாவது பெரும்பாலும் இதை நம்பித்தான். மனுவில் பட்ஜெட், பயோஸ்கெட்ச் (ஆய்வாளரின் தகுதிக் குறிப்பு) எல்லாம் சுலபம், விட்டுவிடுகிறேன்.

முதல் தடவை ஒட்டுமொத்த மதிப்பெண்கூட இல்லை, 'விவாதிக்கப்படவில்லை' என்று திரும்பியது. காரணம் பன்றிக் கண். கண்ணுக்குள் இருக்கும் திரவம் எளிதாக வடிய மருந்து உதவுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் திட்டம். இறைச்சிக்கூடத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 12 பக்கத் திட்டத்தையும் அதை வைத்தே எழுதியிருந்தோம். பன்றிக் கண்ணுக்குள் திரவத்தைச் செலுத்திக்கொண்டே இருந்தால், மருந்தே இல்லாமல் வடிதிறன் (திரவம் எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்பது) மணிக்கு மணி ஏறும். இதற்கு வாஷவுட் என்று பெயர். மனிதக் கண்ணில் கிடையாது. ஏறியது மருந்தாலா, வாஷவுட்டாலா என்று மனுவை மதிப்பிட்ட ரெவ்யூவர் கேட்டது நியாயம்தான். மறுபடி எழுதும்போது ஜோடிக் கண்களில் ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு வெறும் கரைசல் என்று மாற்றி, முக்கியச் சோதனையை மனிதத் தானக் கண்ணுக்கு நகர்த்தினோம்.

உயிருள்ள கண்ணில் அழுத்தம் 15 மி.மீ. பாதரசம், நீங்கள் ஏன் 8 வைத்தீர்கள் என்று இன்னொருவர். வெளியே எடுத்த கண்ணில், திரவம் வடிந்து சேரும் சிரைகளில் எதிர்த்து நிற்கும் அழுத்தம் இல்லை, அதைக் கழித்தால் ஏறக்குறைய 8தான். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டது எங்கள் தப்பு.

மனுவில் காட்ட முன்தரவு (ஆரம்பச் சோதனை முடிவுகள்) எடுக்கும்போது குழாயில் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டம் நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் அளவுதான். கடுகளவு குமிழி இருந்தாலும் அது சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும், அளவீடு நிலைக்கு வராது.

படிவத்தில் மாட்டியது வேறு. இறந்தவர் கண் என்பதால் 'மனிதர்கள் மீதான ஆய்வு' என்ற கேள்விக்கு 'இல்லை'. ஆனால் அடுத்து 'மனித மாதிரிகள் உண்டா' என்று கேட்கும். அதற்கு 'ஆம்' போட்டு, விளக்கத்தைத் தனிக் கோப்பாக இணைக்க வேண்டும்.

கூட்டு ஆய்வாளரான கண் மருத்துவருக்கு, என்ஐஎச்சின் இணைய மானியத் தளமான ஈஆர்ஏ காமன்ஸில் ஐடி இல்லை. அது இல்லாமல் மனு ஏறாது. பல்கலையின் மானிய அலுவலகத்தில் கேட்டால் "அவர் ஆஸ்பத்திரியில் கேளுங்கள்", அங்கே கேட்டால் "பல்கலையில் கேளுங்கள்". நான்கு நாள் போயிற்று. ஐடியை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். சமர்ப்பித்த பிறகு மனுவைச் சரிபார்த்துக்கொள்ள இரண்டு வேலை நாள் தருகிறார்கள், ஆனால் பிழையைத் திருத்துவது கடைசித் தேதி மாலை 5 மணிக்குள்தான்.